எந்தக் கை என்று நீ கேட்கவில்லை

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் சுகம்தானே என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்த முறை முதல் பாதியை எழுத மனசு வரவில்லை, இரண்டாம் பாதியை மட்டும் வைத்துக்கொள். நீ சுகமாக இருப்பாய், உனக்கென்ன குறை. இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு அவசரமாகப் படிக்காதே, உட்கார்ந்து படி, கையில் இருக்கிற சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுப் படி. சின்னவள் நான் ஒரு தடவை பார்த்துத் தரட்டுமாம்மா என்று கேட்டாள், கிட்டே வந்தால் நடப்பதே வேறு என்று விரட்டிவிட்டேன். பிழை இருந்தால் இருக்கட்டும், உனக்குத் தொழிலுக்கு ஆகும். போனில் கேட்கலாமே என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீ அழுவாய், நீ அழுதால் நான் இறங்கிப் போய்விடுவேன், எனக்கு இப்போது இறங்கிப் போக விருப்பமில்லை.

நீ அனுப்பிய தேர்வுப் பயிற்சிப் புத்தகம் போன மாதமே வந்து சேர்ந்தது. கேள்விகளைத் தயாரித்தவர்கள் வரிசையில் உன் பெயரை அச்சில் பார்த்ததும் உன் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரியிடம் காட்டினார், அவர் ஊசி போட்டு இரத்தம் எடுக்கும் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய் வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் காட்டினார், இரத்தம் கொடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறார், பாவம் அவர்களால் எழுந்து ஓடவும் முடியாது. சின்னவளுக்கு இந்த வருடம் வேலைக்கான தேர்வு என்று உனக்குத் தெரியும், கணக்கில் அவள் புலி, மொழித்தாளில்தான் வழுக்குகிறாள். அதனால் சாயங்காலம் நாங்கள் வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் உன் புத்தகத்தை விரித்து ஒவ்வொரு கேள்வியாகச் சத்தம்போட்டு வாசிப்பாள், நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பேன், அப்பா எதிரில் உட்கார்ந்து நாலு விடையையும் கேட்டுவிட்டு இரண்டாவது என்பார். எந்தக் கேள்வியாக இருந்தாலும் இரண்டாவதுதான். சரியாகிவிட்டால் நான் சொன்னேன்ல என்று மேசையைத் தட்டுவார், தப்பாகிவிட்டால் கேள்வியே தப்பு, பெரியவ கிட்ட சொல்லணும் என்பார். ரொம்ப நாளைக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்தது உன் புத்தகத்தால்தான், அதையும் எழுதிவிடுகிறேன், நியாயத்தை விட்டுக் கோபப்பட மாட்டேன்.

அப்புறம் வாக்கியப் பிழை திருத்தும் பகுதி வந்தது. முதலில் ஒரு வாளி வந்தது. 'வாளி உடைந்து மாதக்கணக்காகியும் வாங்கி வராததால் பெயிண்ட் டப்பா தண்ணீர் பிடித்துக் குளித்து வருகிறது, பிழையைத் திருத்துக.' சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள், பெயிண்ட் டப்பா எப்படிம்மா குளிக்கும், இதென்ன நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கு என்றாள். உன் அப்பாவும் பார்த்தியா, ஊர்ல எல்லா வீட்லயும் வாளி உடையுது, என்னை மட்டும் குறை சொல்றே என்று என்னைக் குத்திக்காட்டினார். எனக்கு எங்கோ கேட்ட மாதிரி இருந்தது, ஆனால் பிடிபடவில்லை. அடுத்து ஒரு நாய் வந்தது. 'மேல்வீட்டு நாயும் குட்டிகளும் நம் வாசற்படியிலேயே படுத்திருக்கிறது, தாண்டித்தான் வேலைக்குப் போகிறது.' அதற்கும் இரண்டு பேரும் சிரித்தார்கள், நாய் எந்த வேலைக்குப் போகுது, நல்ல சம்பளமா என்று அப்பா கேட்டார். எனக்கு மட்டும் கத்தி நின்றுவிட்டது. அந்த நாயைத் தாண்டியது நான். அதைக் கடிதத்தில் இதே மேசையில் உட்கார்ந்து உனக்கு எழுதியதும் நான். நிறுத்தடி என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் மூன்றாவதைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள், தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை அல்லவா, வேகமாகத்தான் படிக்கும்.

'ஊசியைக் கையில் எடுத்தால் அப்பாவின் கைகள் நடுங்குகிறது, கேட்டால் குளிர் என்கிறார்.'

கடைசி இரண்டு சொல் வரும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. அப்பாவின் வலது கை மேசைமேல் இருந்தது, அதை மெல்ல எடுத்து மேசைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டார். வெயில் கொளுத்துகிற மாதம், மின்விசிறி தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது, வீட்டில் குளிர் என்ற பேச்சுக்கே இடமில்லை. சின்னவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த நிமிடம்வரை ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. உனக்கு மட்டும்தானடி எழுதினேன். போன வருடம் சர்க்கரை பார்க்க அவருடைய பரிசோதனைக் கூடத்துக்கே போய் அவர் முன்னாலேயே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது பார்த்தது அது. எத்தனை குழந்தைகளைத் தாய்மார்கள் தூக்கிக்கொண்டு வந்து பஞ்சுக்கைக்காரர் இருக்காரா, அவர் எடுத்தா எங்க புள்ள அழாது என்று காத்திருந்து இரத்தம் கொடுத்துப் போயிருக்கிறார்கள், அந்தக் கை என் கையில் ஒருமுறை குத்தித் தவறி மறுபடியும் குத்தியது. என்ன என்று கேட்டால் ஏசி குளிர் என்றார், அதோடு விடாமல் உன் நரம்புதான் ஒளிஞ்சுக்குது என்று பழியை என் மேலேயே போட்டார். நானும் அதை நம்பிய மாதிரியே காட்டிக்கொண்டேன். மனிதருக்கு இருப்பது அந்த ஒரு பேர், அதை நானே முகத்துக்கு நேரே உடைக்க வேண்டாம், பெரியவள் வந்தால் பக்குவமாகப் பேசி டாக்டரிடம் கூட்டிப்போவாள், அவள் சொன்னால் கேட்பார் என்று நினைத்தேன். போனில் சொல்ல முடியாது, நான் உன்னோடு பேசினாலே பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். அதனால்தான் எழுதினேன்.

அதற்கு நீ என்ன பதில் எழுதினாய், நினைவிருக்கிறதா? அலுவலகத்தில் புது நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், முதுகுவலி குறைந்துவிட்டது என்று எழுதினாய். நான் மறுபடியும் எழுதினேன். இங்கே விடாமல் மழை, துணி காயமாட்டேன் என்கிறது என்று எழுதினாய். கடிதம் உனக்குச் சேரவில்லையோ என்று நினைத்துத் தபால்காரரை வாசலில் நிறுத்திச் சண்டை போட்டேன், பொறுப்பு வேண்டாமா, ஒரு வீட்டு விஷயம் அதில் இருக்கிறது என்றெல்லாம் பேசிவிட்டேன். அந்த மனிதர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. இப்போது அவர் தெருமுனையில் வருவதைப் பார்த்தால் நான் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறேன், எல்லாம் உன்னால். கடிதம் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது. நீ படித்துமிருக்கிறாய். படித்து, அடிக்கோடு போட்டு, நாலு விடை தயார் பண்ணி, அச்சுக்கும் அனுப்பியிருக்கிறாய்.

அன்றைக்கு மேசையில் என்ன நடந்தது என்பதை முழுதாகக் கேள். அப்புறம் அப்பாதான் இரண்டாவதா என்று கேட்டார். வழக்கம்போல. சின்னவள் இல்லப்பா, இதுல பிழையே இல்லை என்றாள். பின்பக்கத்தில் விடை இருக்கிறது, அவளுக்கும் தெரியும், நடுங்குகின்றன என்று இருக்க வேண்டுமாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் பிழையே இல்லை என்று சாதித்தாள். அவர் இடது கையால் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். இல்லம்மா, பிழை இருக்கு, கைகள்னு போட்டிருக்கா, அது தப்பு, ரெண்டும் நடுங்கலை, ஒரு கைதான், இந்த வலது கை மட்டும்தான் என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய்க் கைகழுவுகிற இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். நாலு விடையிலும் அது இல்லை, பெரியவளே. இத்தனை மாதமாக மனிதர் தனக்குள்ளேயே பூட்டி வைத்திருந்ததை முதல்முதலாக வாய்விட்டுச் சொன்னது உன் கேள்விக்கு விடையாக. எனக்குத் தெரியாமல் இரண்டு கையும் என்று எழுதியிருக்கிறேன், என் கண்ணில் அவ்வளவுதான் பட்டது. நீ என் வாக்கியத்தை எத்தனை முறை புரட்டியிருப்பாய், உனக்கு எந்தக் கைம்மா என்று ஒரு வரி கேட்கத் தோன்றவில்லையா?

உன் தொழில் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே, நீயே சொல்லியிருக்கிறாய். வேலையில் சேர்ந்த புதிதில், நாங்களா யோசிச்சுப் பண்ற பிழை பொம்மைப் பிழை மாதிரி இருக்கும்மா, புள்ளைங்க சுலபமா கண்டுபிடிச்சிடுவாங்க, யாராவது நெஜமா எழுதினதுல இருக்கிற பிழைதான் கேள்விக்கு நல்லா இருக்கும் என்று பெருமையாகச் சொன்னாய். நானும் என் மகள் எவ்வளவு கெட்டிக்காரி என்று தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். யாராவது என்றால் அது நான்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? புத்தகத்தின் முன்பக்கத்தில் தேர்வு எழுதுவோருக்கு அறிவுரை என்று ஒரு பக்கம் போட்டிருக்கிறாய், அதை நான் உட்கார்ந்து படித்தேன். வாக்கியம் என்ன சொல்கிறது என்பதில் மனத்தைச் செலுத்த வேண்டாம், நேரம் வீணாகும், எழுவாயையும் முடிக்கும் சொல்லையும் மட்டும் பாருங்கள், பொருந்தாத இரண்டு விடைகளை முதலில் அடித்துவிடுங்கள் என்று. தேர்வுக்கு அது சரியாக இருக்கலாம், நான் வாதாட வரவில்லை. வீட்டிலிருந்து வரும் கடிதத்தையும் அப்படியா படிப்பாய்? உன் அம்மா உனக்கென்று எழுதியதையும் மனத்தைச் செலுத்தாமல் படிக்க உனக்கு எப்படி முடிந்தது? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, இதை எழுதும்போதே பேனா காகிதத்தைக் கிழிக்கிறது பார்.

பேருந்து நிலையத்தில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும், பயணிகள் தவறவிட்ட பொருட்களை வாங்கி வைத்து, கேட்டு வருகிறவர்களிடம் அடையாளம் விசாரித்துத் திருப்பிக் கொடுப்பது. குடை என்னுடையது என்று யாராவது வந்தால் உடனே கொடுக்க மாட்டேன், எந்தக் கம்பி வளைந்திருக்கிறது என்று கேட்பேன், சொந்தக்காரர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். உன் புத்தகத்தை மறுநாள் அங்கே எடுத்துப் போய் ஆள் வராத நேரத்தில் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். குழாய் ஒழுகியது என்னுடையது. சின்னவள் பல்வலியோடு தலையணையைக் கடித்தது என்னுடையது. நீ வந்துவிட்டுப் போனபின் உன் அறைக் கதவைச் சாத்தாமலே வைத்திருக்கிறோம் என்றது என்னுடையது, அதில் என்ன பிழை என்று விடையைப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. எங்கள் மேலாளர் எட்டிப் பார்த்து என்னம்மா, இந்த வயசுல பரீட்சையா என்று கேட்டார். இல்லை சார், என் சாமான் ஒன்று தொலைந்துபோயிருந்தது, யாரோ எடுத்தது எங்கே இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது என்றேன். அவர் வழக்கம்போலப் புரியாமலே தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆனால் வாளியும் நாயும் போகட்டும், அதை எடுத்து விளம்பரப் பலகையில் வேண்டுமானாலும் எழுதிக்கொள், எனக்கு வெட்கமில்லை. என் கோபம் அதற்கில்லை. மறுநாள் அப்பா வேலைக்குப் போய்ப் பரிசோதனைக் கூடத்து டாக்டரம்மாவிடம் தானாகவே சொல்லி ஊசி எடுக்கும் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். இப்போது அவருக்கு இரத்தம் பிடித்து வைத்த கண்ணாடிக் குழாய்களில் பெயர் ஒட்டுகிற வேலை. அந்த அம்மா நல்லவர், உடனே நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, தள்ளிப்போடாதீங்க, சீக்கிரம் பார்த்தா மருந்துலயே அடங்குற விஷயமா இருக்கலாம், பார்க்காம எதுவும் சொல்ல முடியாது என்று சொல்லியிருக்கிறார். சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார், எப்போது போகிறோம் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும், மனத்தைச் செலுத்திப் படி. பெரியவளுக்குப் போன வருஷமே தெரியுமே, ஒரு புத்தகம் அச்சாகி வர எவ்வளவு நாளாகும், அத்தனை நாளும் அவளுக்குத் தெரியும், எனக்கு லேசா ஜுரம்னாலே விடுதியிலேர்ந்து லீவு போட்டுட்டு ஓடி வந்த புள்ள அது, படிச்ச புள்ள, விசாரிச்சிருக்கும், பெரிய விஷயமா இருந்தா வராம இருப்பாளா, அவ வரலைன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம், நீ சும்மா பயப்படாதே என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறாராம். எவ்வளவு சொல்லியும் அதிலிருந்து இம்மி நகரவில்லை, சின்னவள் அழுதும் பார்த்தாள், டாக்டரம்மா போனிலும் பேசினார். உன் மௌனத்தைத்தான் டாக்டர் கொடுத்த சான்றிதழ் மாதிரி கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். நீ வராமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் அவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று கணக்கு. இதற்கு நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வேன் சொல்.

சின்னவள் நிலைமையும் எழுதுகிறேன். அவளுக்கு மொழித்தாளில் மதிப்பெண் ஏறிக்கொண்டு வந்தது, இப்போது இறங்குகிறது. பயிற்சி வகுப்பில் ஆசிரியர் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். ஒரு வாக்கியத்தைப் படித்தால் இது எந்த வீட்டில் நடந்ததோ, யார் யாருக்கு எழுதியதோ, அதில் வரும் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதோ இல்லையோ என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாளாம், மணி அடித்துவிடுகிறதாம். அது பாட்டுக்குச் சும்மா ஒரு கேள்விடி, போட்டு முடி என்று நான் திட்டினேன். நம்முடையதும் சும்மா ஒரு கேள்விதானேம்மா என்று திருப்பிக் கேட்டாள். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். அவள் தேர்வும் நெருங்கி வருகிறது, அவளுக்கும் நீ வந்து இரண்டு வார்த்தை சொன்னால்தான் வழி.

வேலை அதிகம், விடுப்பு கிடைக்காது, அடுத்த பதிப்பு வருகிறது என்று ஏதாவது சாக்கு எழுதுவாய், எனக்குத் தெரியும். மன்னிப்பும் கேட்டு எழுதுவாய், அழகாக எழுதுவாய், ஒரு பிழை இருக்காது. எனக்கு எதுவும் எழுத வேண்டாம். இதற்குப் பதில் கடிதம் வந்தால் பிரிக்காமல் அதே தபால்காரர் கையில் திருப்பிக் கொடுப்பேன், அவருக்கும் கொஞ்சம் மனசு ஆறும். நீ பயந்துபோய்த்தான் கேட்காமல் இருந்தாயோ என்றும் ஒரு நேரம் தோன்றுகிறது, நடுக்கம் என்ற சொல்லைப் பார்த்ததும் அதை ஒரு கேள்வியாக்கி மூடி வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தாயோ என்னவோ. அப்படியே இருந்தாலும் எனக்குக் கோபம் குறையவில்லை. பயம் எனக்கில்லையா? நான் தினமும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதானே பரிமாறுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, நல்ல பேரோடும் நல்ல உடம்போடும் நூறு வயது இரு, அம்மா எவ்வளவு கத்தினாலும் இந்த வரியில் குறை வைக்க மாட்டேன். வரும்போது ஒரு வாளி வாங்கி வா, இன்னும் பெயிண்ட் டப்பாதான். கடைசியாக ஒன்று, இதை மறக்காதே. மணி அடித்தால் கதவைத் திறப்பது அப்பாதான். உன்னைப் பார்த்ததும் வலது கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு இடது கையால் உன் பெட்டியை வாங்க வருவார், வெளியே குளிரா என்றுகூடக் கேட்பார். நீ பெட்டியைக் கொடுக்காதே. மற்ற கையைக் கேள்.

இப்படிக்கு,
கோபம் தீராத
அம்மா